"நீங்க ஆர்.சி.யா, சி.எஸ்.ஐ.யா?": சம்பந்தம் பேசும் முன் இரு வீட்டாரும் தெரிந்துகொள்ள வேண்டியவை

பெண் பார்த்தாயிற்று. படிப்பு, வேலை, சம்பளம் எல்லாம் ஒத்துவந்துவிட்டது. பெண் வீடு நாமக்கல் பக்கம், மாப்பிள்ளை வீடு சேலம். கேசரித் தட்டு காலியாகிற நேரத்தில் மாப்பிள்ளையின் அத்தை மெதுவாக ஆரம்பிக்கிறார். "ஏனுங்க, நீங்க சி.எஸ்.ஐ.னு சொன்னாங்க. கல்யாணத்தை நம்ம கோயில்லயே வெச்சுக்கலாம்ங்களா?"

பெண்ணின் சித்தப்பா நிமிர்ந்து உட்காருகிறார். "மாதாவைக் கும்பிடுறதெல்லாம் எங்க புள்ளைக்குப் பழக்கமில்லீங்களே..."

"கும்பிடுறதுன்னு யாருங்க சொன்னது? நீங்கதான் மாதாவையே மதிக்க மாட்டீங்களாமே!"

அவ்வளவுதான். அடுத்த அரைமணி நேரத்தில் போப், சுரூபம், ஜெபமாலை, ஞானஸ்நானம் என எல்லாம் நடுக்கூடத்துக்கு வந்துவிடும். காபியை யாரும் தொட மாட்டார்கள். கல்யாணம் செய்துகொள்ளப்போகிற இருவரும் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால், சேலம், நாமக்கல் வட்டாரக் கிறிஸ்தவக் குடும்பங்களில் பலருக்கு இது பழகிய காட்சி. இங்கே கிறிஸ்தவர்கள் சிறிய கூட்டம். ஆர்.சி. என்று சொல்லப்படும் கத்தோலிக்கர்களும், சி.எஸ்.ஐ. உள்ளிட்ட புராட்டஸ்டன்ட்டுகளும் ஒருவரை ஒருவர் தவிர்த்துவிட்டு வாழ முடியாது. ஒரே தெரு, ஒரே பள்ளிக்கூடம், கடைசியில் ஒரே குடும்பம். ஆகவே, ஐரோப்பாவில் 500 ஆண்டுகளுக்கு முன்பு தொடங்கிய விவாதம், நம் வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இரு தரப்பும் என்னதான் நம்புகிறார்கள்? எங்கே வெறும் சொல் வேறுபாடு, எங்கே நிஜமான வேறுபாடு? சண்டையில்லாமல் எப்படிப் பேசுவது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சேந்தமங்கலம் வழியே வந்த இருவர்

நாமக்கல்லுக்குப் பக்கத்தில், கொல்லிமலை அடிவாரத்தில் இருக்கிறது சேந்தமங்கலம். இந்த ஒரு ஊரே இரு மரபுகளின் கதையையும் சொல்லிவிடும்.

'தத்துவ போதகர்' என்று அறியப்பட்ட இத்தாலிய சேசு சபைத் துறவி ராபர்ட் தெ நோபிலி, 1623-ல் மதுரையிலிருந்து கிளம்பி திருச்சி, சேந்தமங்கலம், சேலம் என்று இந்தச் சமவெளியில் பயணம் செய்தார். கிட்டத்தட்ட 300 ஆண்டுகள் கழித்து, அதே சேந்தமங்கலத்திலிருந்து கொல்லிமலைக்கு ஏறியது ஓர் ஆங்கிலேயத் தம்பதி. ஜெஸ்ஸி பிராண்ட், எவலின் பிராண்ட் என்ற அந்த இருவரும் ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்தவர்கள். 1913-ல் திருமணமான கையோடு மலைக்குப் போனார்கள். தொழுநோய் அறுவை சிகிச்சையில் உலகப் புகழ்பெற்ற டாக்டர் பால் பிராண்ட், 1914-ல் பிறந்த இவர்களின் மகன்.

சேலம் நகரத்தில் லண்டன் மிஷன் 1827-ல் ஹென்றி கிறிஸ்ப் மூலம் கால்வைத்தது. கோட்டைப் பகுதியில் உள்ள லெக்லர் ஆலயம், அதே மிஷனில் பின்னால் இங்கே பணிசெய்த ஜான் மைக்கேல் லெக்லரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆட்சியர் அலுவலகம் அருகே இருக்கும் கிறிஸ்துநாதர் ஆலயமோ ஆங்கிலிக்கன் மரபில் எழுந்தது. கத்தோலிக்கர்களுக்கு சேலம் மறைமாவட்டம் 1930-ல் உருவானது. நான்கு ரோடு அருகே உள்ள குழந்தை இயேசு பேராலயம் அதன் தலைமை ஆலயம்.

இதில் கவனிக்க ஒரு விஷயம் இருக்கிறது. லண்டன் மிஷன் வழிவந்தவர்களும் ஆங்கிலிக்கன்களும் தனித்தனித் திருச்சபைகளாகத்தான் இருந்தார்கள். 1947 செப்டம்பர் 27-ல் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை, அதாவது சி.எஸ்.ஐ. பிறந்தபோதுதான் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், அதற்கு முன்பே இணைந்திருந்த பிரஸ்பிடேரியன், காங்கிரிகேஷனல் மரபுகள் ஒன்றாயின. 'நாம வேற, அவங்க வேற' என்று பல தலைமுறை சொன்னவர்கள், பேசிப் பேசி ஒரே திருச்சபை ஆனார்கள். சி.எஸ்.ஐ.யின் பிறப்பே ஒரு நீண்ட உரையாடலின் விளைவு.

அன்று வசை, பிறகு ஒரே மேசை

தமிழில் இந்த இரு தரப்பும் மோதிக்கொண்ட கதை பழசு. 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த லூத்தரன் மிஷனரி சீகன்பால்கு, 1714–15-ல் தமிழ் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார். மறுபக்கம், 'தேம்பாவணி' தந்த வீரமாமுனிவர், தரங்கம்பாடி லூத்தரன்களை மறுத்து 'வேத விளக்கம்', 'பேதக மறுத்தல்', 'லுத்தேரினத்தியல்பு' என்று நூல்கள் எழுதினார். காரசாரமான உரைநடை. தமிழ் உரைநடை வளர்ந்த வழிகளில் ஒன்று இந்தச் சண்டை!

ஆனால், இதற்குள் ஒரு வேடிக்கை ஒளிந்திருக்கிறது. தரங்கம்பாடிக்கு வந்து தமிழ் கற்ற சீகன்பால்கு, கிறிஸ்தவக் கருத்துகளைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று தேடியபோது அவருக்குக் கைகொடுத்தவை, அதற்கு முன்பே இங்கே இருந்த கத்தோலிக்கத் தமிழ் நூல்கள். சண்டை போட்ட வீட்டிலிருந்துதான் சொற்களைக் கடன் வாங்கியிருந்தார்கள்.

தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் குடும்பத்திலும் இந்தக் கலப்பு உண்டு. இன்றும் புராட்டஸ்டன்ட் ஆலயங்களில் பாடப்படும் கீர்த்தனைகளைத் தந்தவர் அவர். அவருடைய அப்பா ஒரு கத்தோலிக்கர்.

வசைபாடிய காலம் ஒரு மேசையில் உட்காரும் காலமாக மாறியதற்கு நல்ல அடையாளம், 1995-ல் வெளிவந்த 'திருவிவிலியம்' பொது மொழிபெயர்ப்பு. கத்தோலிக்க அறிஞர்களும் புராட்டஸ்டன்ட் அறிஞர்களும் பல ஆண்டுகள் சேர்ந்து உழைத்த மொழிபெயர்ப்பு இது. கத்தோலிக்க ஆலயங்களில் இதுதான் வாசிக்கப்படுகிறது. சி.எஸ்.ஐ. ஆலயங்களிலோ, பெரும்பாலும் 19-ம் நூற்றாண்டில் ஹென்றி பவர் தலைமையிலான குழு தந்த பழைய மொழிபெயர்ப்பே இன்றும் மேடையில் இருக்கிறது. பாட்டி மனப்பாடமாகச் சொன்ன வசனத்தை யாருக்குத்தான் மாற்ற மனசு வரும்?

சொல்தான் வேறு, பொருள் ஒன்று

நம் ஊர் விவாதங்களில் பாதி, சொல்லில் தொடங்கி சொல்லிலேயே முடிகிறது. கீழே இருப்பதைக் கொஞ்சம் பாருங்கள். முதலில் கத்தோலிக்க வழக்கு, அடுத்தது புராட்டஸ்டன்ட் வழக்கு.

* ஆண்டவர் / கர்த்தர்
* கடவுள் / தேவன்
* தூய ஆவி / பரிசுத்த ஆவி
* விவிலியம் / வேதாகமம்
* நற்செய்தி / சுவிசேஷம்
* திருமுழுக்கு / ஞானஸ்நானம்
* நற்கருணை / திருவிருந்து, இராப்போஜனம்
* உறுதிபூசுதல் / திடப்படுத்தல்
* பங்கு / சேகரம்
* மறைமாவட்டம் / திருமண்டலம்

பழைய தலைமுறைக் கத்தோலிக்கர்களுக்கு யோவான் 'அருளப்பர்', பேதுரு 'இராயப்பர்', பவுல் 'சின்னப்பர்'. ஒரு வீட்டுத் தாத்தா பெயர் சின்னப்பன், இன்னொரு வீட்டுத் தாத்தா பெயர் பவுல் என்றால், இருவருக்கும் ஒரே புனிதரின் பெயர்தான்!

சில சொற்கள் நிஜமாகவே குழப்பும். 'ஆயர் வர்றார்' என்று ஆர்.சி. வீட்டில் சொன்னால், வருவது பிஷப். சி.எஸ்.ஐ. வீட்டில் சொன்னால், வருவது அந்தச் சபையின் குருவானவர். அங்கே பிஷப்புக்குப் பெயர் 'பேராயர்'. கத்தோலிக்கர்களுக்கு பேராயர் என்றால் ஆர்ச் பிஷப். கல்யாணப் பத்திரிகை அடிக்கும்போது இதைச் சரிபார்க்காமல் விட்டால், யாரோ ஒருவருக்குப் பதவி உயர்வோ பதவி இறக்கமோ நடந்துவிடும்.

பத்துக் கட்டளைகளிலும் இதே கதை. கட்டளைகள் ஒன்றுதான், எண்தான் வேறு. கொலை செய்யாதிருப்பது கத்தோலிக்க வரிசையில் ஐந்தாவது, சி.எஸ்.ஐ. வரிசையில் ஆறாவது. லூத்தரன்கள் இதில் கத்தோலிக்க வரிசையையே பின்பற்றுகிறார்கள். ஞாயிறு வகுப்பிலிருந்து வந்த பிள்ளை 'ஆறாவது கட்டளை' என்று ஒன்றைச் சொல்ல, அப்பா வேறொன்றைச் சொன்னால், இருவருமே சரிதான்.

நிஜமான வேறுபாடுகள்

எல்லாமே சொல் வேறுபாடு என்று சொல்லி முடித்துவிட்டால் அது நேர்மையல்ல. மனசாட்சியோடு இரு தரப்பும் பிரிந்து நிற்கும் இடங்கள் இருக்கின்றன.

மாதாவும் புனிதர்களும்: கத்தோலிக்கப் போதனையில் ஆராதனை கடவுளுக்கு மட்டும். மாதாவுக்கும் புனிதர்களுக்கும் செலுத்துவது வணக்கம். 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளுங்கள்' என்று கேட்பது, பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் ஜெபிக்கச் சொல்வது போல என்பார்கள். புராட்டஸ்டன்ட்டுகளின் பதில், 'கடவுளுக்கும் மனிதருக்கும் நடுவே இயேசு ஒருவரே மத்தியஸ்தர்' என்பது. 1 தீமோத்தேயு 2:5 அவர்கள் காட்டும் இடம். ஆனால், மரியாளை அவர்கள் மதிப்பதில்லை என்பது தவறு. மரியாளின் துதிப்பாடலுக்கு 1521-ல் விளக்கவுரை எழுதியவர் மார்ட்டின் லூத்தரேதான்.

வேதமும் மரபும்: புராட்டஸ்டன்ட்டுகளுக்கு விசுவாசத்தின் இறுதி அளவுகோல் வேதாகமம். கத்தோலிக்கர்களுக்கு விவிலியத்தோடு திருமரபும், அவற்றை விளக்கும் திருச்சபையின் ஆசிரியமும் உண்டு. போப்பின் இடமும் இதில்தான் வருகிறது. கத்தோலிக்க விவிலியத்தில் 73 நூல்கள், புராட்டஸ்டன்ட் வேதாகமத்தில் 66. தோபித்து, யூதித்து, மக்கபேயர் போன்ற பழைய ஏற்பாட்டு நூல்களால் வரும் வித்தியாசம் அது.

அப்பமும் இரசமும்: திருப்பலியில் அப்பமும் இரசமும் கிறிஸ்துவின் உடலும் இரத்தமுமாக உண்மையிலேயே மாறுகின்றன என்பது கத்தோலிக்க நம்பிக்கை. புராட்டஸ்டன்ட்டுகளிடம் இதில் ஒரே குரல் இல்லை. லூத்தரன்கள் கிறிஸ்துவின் உண்மையான பிரசன்னத்தை ஏற்கிறார்கள். பாப்டிஸ்ட்டுகள் இதை நினைவுகூர்தலாகப் பார்க்கிறார்கள். இந்த வேறுபாடு கல்யாணத்தன்றே முன்னால் வந்து நிற்கும். திருப்பலியில் மற்ற சபையார் பொதுவாக நற்கருணை வாங்க முடியாது. சி.எஸ்.ஐ. திருவிருந்தில் கத்தோலிக்கர் பங்கெடுப்பதையும் கத்தோலிக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. 'எங்க மாமாவுக்கு நன்மை தரலை' என்ற மனக்கசப்பு இங்கிருந்துதான் கிளம்புகிறது. அது அவமதிப்பு இல்லை, அவர்கள் நம்பிக்கையின் விளைவு என்பதை முந்தின நாளே சொல்லிவிட்டால், கசப்பு பாதியாகக் குறையும்.

ஞானஸ்நானம்: நல்ல செய்தியும் இருக்கிறது. தண்ணீரால், தந்தை, மகன், தூய ஆவியின் பெயரால் கொடுக்கப்பட்ட சி.எஸ்.ஐ. ஞானஸ்நானத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை ஏற்கிறது. மறுபடியும் கொடுப்பதில்லை. சி.எஸ்.ஐ.யும் குழந்தை ஞானஸ்நானம் கொடுக்கும் திருச்சபைதான். ஆனால், கொல்லிமலைக்குப் போன பிராண்ட் தம்பதியின் பாப்டிஸ்ட் மரபிலும், இன்றைய பெந்தெகொஸ்தே சபைகளிலும், விவரம் தெரிந்து விசுவாசித்தவர்களுக்கு மட்டுமே முழுக்கு. 'புராட்டஸ்டன்ட்' என்று ஒரே பெட்டிக்குள் எல்லோரையும் போடக் கூடாது என்பதற்கு இது ஓர் உதாரணம்.

இறந்தவர்கள்: நவம்பர் 2 கல்லறைத் திருநாளில், கத்தோலிக்கர்கள் இறந்தவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்காக ஜெபிப்பார்கள். புராட்டஸ்டன்ட்டுகள் இறந்தவர்களுக்காக ஜெபிப்பதில்லை. அவர்கள் வாழ்ந்த வாழ்வுக்காக நன்றி சொல்வார்கள். துக்க வீட்டில் இது தெரியாமல் பேசினால் காயம் ஆழமாக விழும்.

மிகப் பெரிய சண்டை முடிந்த நாள்

'நீங்க நல்ல காரியம் செஞ்சா மோட்சம்னு நம்புறவங்க', 'நீங்க நம்பினா போதும், எப்படி வேணா வாழலாம்னு சொல்றவங்க.' இந்த இரண்டு குற்றச்சாட்டும் நம் பக்கம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால், இதற்கான பதில் 1999-லேயே எழுதப்பட்டுவிட்டது.

1517 அக்டோபர் 31-ல் லூத்தர் எழுப்பிய கேள்விகளிலிருந்து வெடித்த சண்டையின் மையம், மனிதன் எப்படிக் கடவுள் முன் நீதிமானாகிறான் என்பது. அதே அக்டோபர் 31-ல், 1999-ல், ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. மீட்பு கடவுளின் அருளால்தான், நம் தகுதியால் அல்ல; அந்த அருளைப் பெற்றவர்களிடம் நற்செயல்கள் கனியாகப் பிறக்கும் என்பது அதன் சாரம். 2006-ல் மெதடிஸ்ட்டுகளும், 2017-ல் சீர்திருத்த மரபுத் திருச்சபைகளின் உலக ஐக்கியமும் அதில் இணைந்தன. இந்த இரு உலக அமைப்புகளிலும் சி.எஸ்.ஐ. உறுப்பினர்.

எல்லா வேறுபாடும் தீர்ந்துவிட்டதாக அந்த அறிக்கை சொல்லவில்லை. ஒருவர் மற்றவரைப் பற்றி அன்று சொன்ன கண்டனம், இன்று அவர் கற்பிப்பதற்குப் பொருந்தாது என்றுதான் சொல்கிறது. அதாவது, 'நீங்கள் நம்புவதாக நாங்கள் நினைத்ததை நீங்கள் நம்பவில்லை.' சம்பந்தப் பேச்சுக்கு இதைவிட நல்ல ஆரம்பம் கிடையாது.

கல்யாணச் சட்டம் என்ன சொல்கிறது?

கத்தோலிக்கச் சட்டப்படி, திருமுழுக்குப் பெற்ற வேறு சபையாரை மணக்க ஆயரின் அனுமதி வேண்டும். பங்குத்தந்தை வழியாக விண்ணப்பிக்கலாம். கத்தோலிக்கத் தரப்பு இரண்டு உறுதி தர வேண்டும். தன் விசுவாசத்தைக் கைவிட மாட்டேன் என்பது ஒன்று. பிள்ளைகளைக் கத்தோலிக்கர்களாக வளர்க்க என்னால் முடிந்ததையெல்லாம் செய்வேன் என்பது இன்னொன்று. மற்றவரிடம் இந்த வாக்குறுதி கேட்கப்படுவதில்லை. ஆனால் அவருக்கு இது தெரிவிக்கப்பட வேண்டும். முன்பு இருவருமே உறுதி தர வேண்டியிருந்தது. 1970-ல் ஆறாம் பவுல் வெளியிட்ட ஆணை, மற்றவரின் வாக்குறுதி தேவையில்லை என்று ஆக்கியது.

சி.எஸ்.ஐ. ஆலயத்தில் கல்யாணம் நடத்த வேண்டுமென்றால், அதற்கு ஆயரிடம் தனியாக விலக்கு வாங்க வேண்டும். வாங்கினால், அந்தத் திருமணத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை ஏற்கும். காலையில் அங்கே ஒன்று, மாலையில் இங்கே ஒன்று என இரண்டு முறை மண ஒப்புதல் கொடுப்பதை மட்டும் சட்டம் தடுக்கிறது. ஒரு முக்கியமான விஷயம்: இருவரும் திருமுழுக்குப் பெற்றவர்கள் என்பதால், இந்தத் திருமணத்தை அருளடையாளமாகவே கத்தோலிக்கத் திருச்சபை மதிக்கிறது. 'கலப்புத் திருமணம்' என்ற பெயரைக் கேட்டு யாரும் தாழ்வாக நினைக்க வேண்டியதில்லை.

ஆக, கஷ்டமான கேள்வி பிள்ளைதான். ஆர்.சி. பிள்ளை சின்ன வயதிலேயே புதுநன்மை வாங்கும். சி.எஸ்.ஐ.யில் பொதுவாகத் திடப்படுத்தலுக்குப் பிறகே திருவிருந்து. எந்த ஆலயம், எந்த வகுப்பு, எந்த ஜெபம்? இதை நிச்சயதார்த்தத்துக்கு முன்பே மணமக்கள் இருவரும் தனியாக உட்கார்ந்து பேச வேண்டும். 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று தள்ளிவைத்தால், அந்தப் பேச்சு குழந்தையின் தொட்டிலுக்குப் பக்கத்தில் நடக்கும். அப்போது குரல்கள் இன்னும் உயர்ந்திருக்கும்.

காயப்படுத்தாமல் பேச...

* அவர் நம்புவதை முதலில் நீங்கள் சொல்லிக்காட்டுங்கள். 'ஆமாங்க, அதுதான் நாங்க நம்புறது' என்று அவர் தலையாட்டிய பிறகு மட்டும் உங்கள் மறுப்பைச் சொல்லுங்கள்.
* அவர்கள் தரப்பின் நல்லதை உங்கள் தரப்பின் நல்லதோடு ஒப்பிடுங்கள். உங்கள் பக்கத்துப் புனிதரை எடுத்து, அவர்கள் பக்கத்துக் குடிகாரரோடு ஒப்பிடாதீர்கள்.
* 'ஏன் சிலை வெச்சிருக்கீங்க?' என்பதைவிட, 'இதுக்கு முன்னாடி நிக்கறப்போ நீங்க என்ன நினைச்சுப்பீங்க?' என்று கேட்டுப்பாருங்கள்.
* அவர்கள் ஆலயத்துக்குப் போகும்போது, எப்போது எழுந்து நிற்பது, எதில் பங்கெடுக்கக் கூடாது என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.
* துக்க வீட்டிலும் மருத்துவமனையிலும் விவாதம் வேண்டாம். அங்கே ஜெபம் போதும்.
* தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். 'எங்க ஃபாதரைக் கேட்டுச் சொல்றேன்', 'எங்க ஐயரைக் கேட்டுச் சொல்றேன்' என்பதில் கௌரவக் குறைச்சல் இல்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆர்.சி., சி.எஸ்.ஐ. வேறுபாட்டைத் தாண்டிவிடுகிற பல குடும்பங்கள், சாதியைத் தாண்டுவதில்லை. ஒரே ஆலயத்தில் ஒரே அப்பத்தைப் பகிர்கிறவர்கள்கூட, பெண் கொடுக்கும்போது சாதி கேட்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் வழக்கமாக ஜனவரி 18 முதல் 25 வரை கிறிஸ்தவ ஒன்றிப்புக்கான ஜெப வாரம் நடக்கிறது. 2013-ல் அதற்கான தியானங்களைத் தயாரிக்கும் பொறுப்பு இந்திய மாணவர் கிறிஸ்தவ இயக்கத்துக்கு வந்தது. அவர்கள் தலித் மக்கள் சந்திக்கும் அநீதியையே மையமாக வைத்தார்கள். மாதாவைப் பற்றி மணிக்கணக்கில் விவாதிக்கிற நாம், இந்தக் கேள்வி வரும்போது மட்டும் ஏன் காபி டம்ளரை எடுத்துக்கொள்கிறோம்?

சரி, அந்த நடுக்கூடத்துக்கே திரும்புவோம். அத்தை அதே கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டிருந்தால்? "உங்க கோயில்ல கல்யாணம் எப்படி நடக்கும்ங்க? எங்களுக்கும் சொல்லுங்களேன்." சித்தப்பாவும், "மாதாகிட்ட நீங்க என்னன்னு வேண்டிப்பீங்க?" என்று கேட்டிருந்தால்? இருவரும் தங்கள் விசுவாசத்தில் ஓர் அங்குலம்கூட நகர்ந்திருக்க மாட்டார்கள். காபி மட்டும் ஆறியிருக்காது. தரையைப் பார்த்துக்கொண்டிருந்த இருவரும் தலை நிமிர்ந்திருப்பார்கள்.